மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்கள்

இந்தச் சின்னத்தை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் பார்ப்பது எக்ஸ்ரே அறையின் கதவில்தான். மஞ்சள் நிறம், நடுவே சிறு வட்டம், அதைச் சுற்றி மூன்று கருப்பு இதழ்கள். கை முறிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. அதே சின்னம் ஒரு காயலான் கடையில், எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் ஏறிய இரும்பு உருளை ஒன்றின் மேல் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. எடை போட்டு, விலை பேசி, சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள். கதிர்வீச்சால் பொதுமக்கள் உயிரிழந்த விபத்துகளில் பல இந்த இரண்டாவது வகை இடங்களில் தொடங்கியவை. எக்ஸ்ரே அறைக் கதவுக்கு வெளியே நின்றதால் யாரும் செத்ததில்லை. ஆகவே இந்த அத்தியாயம் அச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முயலவில்லை. அதை உரிய இடத்துக்கு மாற்றி வைக்க முயல்கிறது.

சின்னம் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கதிர்வீச்சு ஆய்வகத்தில் 1946-இல் இந்தச் சின்னத்தை வரைந்தார்கள். முதலில் அது நீலப் பின்னணியில் மெஜந்தா நிறத்தில் இருந்தது. வெளியில் மாட்டினால் நீலம் மங்கிவிடுகிறது என்பதால் பின்னணி மஞ்சளுக்கு மாறியது. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலும் மஞ்சளில் கருப்பு. அமெரிக்காவில் மஞ்சளில் மெஜந்தாவையும் பார்க்கலாம். சரியாக மாட்டிய பலகையில் ஓர் இதழ் கீழ்நோக்கியும் மற்ற இரண்டு மேல்புறம் சாய்ந்தும் இருக்கும்.

அயனியாக்கும் கதிர்வீச்சைத் தரும் ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது, அல்லது இருக்கக்கூடும். சின்னம் சொல்வது இவ்வளவுதான். எவ்வளவு கதிர்வீச்சு என்று அது சொல்வதில்லை. சில பழைய புகை எச்சரிக்கைக் கருவிகளுக்குள் அமெரிசியம் என்ற பொருள் மிக நுண்ணிய அளவில் இருக்கும். அவற்றின் அடியிலும் இந்த மூன்று இதழ்கள் அச்சாகியிருக்கும். புற்றுநோய்க்கு மருத்துவம் செய்யும் கோபால்ட் இயந்திரத்தின் மேலும் இதே மூன்று இதழ்கள்தான். முதலாவதை உடைக்காமல் சுவரிலேயே விட்டுவைத்தால் ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. இரண்டாவதன் உள்ளே இருப்பதை வெறுங்கையில் எடுத்தால் சில நிமிடங்களே போதும்.

எனவே சின்னத்தைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எதன் மேல் இருக்கிறது? அந்தப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில், ஆள் பொறுப்பில் இருக்கிறதா, அல்லது கேட்பாரற்றுக் கிடக்கிறதா? உடன் வேறு என்ன எழுதியிருக்கிறது? இவற்றில் இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போன்றவை மின்சாரத்தால் இயங்குபவை. பொத்தானை அழுத்தும் நொடிகளில் மட்டும் கதிர் பிறக்கும். அணைத்த விளக்கில் வெளிச்சம் மிஞ்சாததுபோல, அதன்பின் அறையில் எதுவும் தங்காது. கோபால்ட்-60, சீசியம்-137, இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருள்கள் அப்படி அல்ல. அவற்றை அணைக்கப் பொத்தான் கிடையாது. ஈயம், டங்ஸ்டன் போன்ற கனமான கவசத்துக்குள் அடைத்து வைக்கத்தான் முடியும். இரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதியாகக் குறையும். கோபால்ட்-60க்கு 5 ஆண்டுக்குச் சற்று அதிகம். சீசியம்-137க்கு 30 ஆண்டு. முப்பது ஆண்டு பூட்டிக் கிடந்த அறையில் இருக்கும் சீசியம், வாங்கிய நாளில் இருந்ததில் பாதி வீரியத்தோடு அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

மருத்துவமனையில்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது. நோயாளி மட்டும் உள்ளே போக வேண்டும். குழந்தையையோ எழுந்து நிற்க முடியாத முதியவரையோ பிடித்துக்கொள்ள யாராவது தேவைப்பட்டால் அவர் ஈய மேலங்கி அணிய வேண்டும். தராவிட்டால் தயங்காமல் கேளுங்கள். பிடித்துக்கொள்பவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. படம் எடுத்துக்கொள்ளும் பெண் கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலோ, படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு மறைக்கிற விஷயமல்ல இது.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாக வந்து சேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கலந்த மணல் மேல் வாழும் மக்களுக்கு இதைவிட அதிகமாகவே கிடைக்கிறது. ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் சுமார் 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட். வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேன் என்றால் 10 மில்லிசீவர்ட் அளவுக்குப் போகும். ஆக, எக்ஸ்ரேவுக்குப் பயந்து எலும்பு முறிவைக் கவனிக்காமல் விடுவது தவறு. தேவையில்லாமல் சி.டி.யை இரண்டாம் முறை எடுக்கச் சொன்னால், “போன மாதம் எடுத்த படம் இருக்கிறதே, அது போதாதா டாக்டர்?” என்று கேட்பது நோயாளியின் உரிமை. அல்ட்ரா சவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது. அந்த அறைகளில் மூன்று இதழ்கள் இருக்காது. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இருப்பது காந்தத்துக்கான எச்சரிக்கை, அது தனிக்கதை.

அணு மருத்துவப் பிரிவில் மட்டும் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மருந்தையே உடலுக்குள் செலுத்துகிறார்கள். சில மணி நேரத்துக்கோ சில நாளுக்கோ நோயாளியே கதிர்வீச்சின் மூலமாகிவிடுகிறார். அந்தப் பிரிவின் கழிப்பறைக் கதவிலும் குப்பைத் தொட்டியிலும் சின்னம் இருப்பது அதனால்தான். துணைக்கு வந்தவர்கள் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. பெட் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் தரும் ஃபுளோரின்-18 இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடும். தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131க்கு 8 நாள் ஆகும். அந்தச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு எத்தனை நாள் விலகிப் படுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தருவார். அதை ஒருநாள்கூடக் குறைக்காதீர்கள். நாள் முடிந்தபின் ஒருநாள்கூட அவரை ஒதுக்கியும் வைக்காதீர்கள்.

வேலைத்தளத்தில்

கொதிகலன், குழாய், பாலம், கப்பல் என்று வெல்டிங் நடக்கும் இடமெல்லாம் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று ஊடுருவிப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். திருச்சி வட்டாரத்தில் கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பெரும்பாலும் மற்றவர்கள் போனபின், இரவு நேரத்தில் நடக்கும். கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, மூன்று இதழ்ப் பலகையை மாட்டியிருப்பார்கள். கேமரா என்று அவர்கள் சொல்வது கனமான ஒரு கவசப் பெட்டி. அதற்குள் கம்பி முனையில் இரிடியம்-192 இருக்கும். படம் எடுக்கும்போது அந்த முனை ஒரு குழாய் வழியே வெளியே வந்து, வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும்.

போய்விட வேண்டும். போகாமல் கழன்று விழுந்தால்தான் ஆபத்து. பெரு நாட்டில் யனாங்கோ நீர்மின் நிலையப் பணியிடத்தில் 1999 பிப்ரவரி 20 அன்று அப்படி விழுந்த முனையை ஒரு வெல்டர் பார்த்தார். பளபளப்பான சிறு கம்பித் துண்டு. என்னவென்று தெரியாமல் கால்சட்டைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக வேலை பார்த்தார், வீட்டுக்கும் கொண்டுபோனார். உயிர் பிழைத்தார், வலது கால் போய்விட்டது.

இதில் தூரத்தின் கணக்கைக் கவனியுங்கள். சிறிய மூலத்திலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் அவர் மேல் படுவது நாலில் ஒரு பங்காகும். பத்து மீட்டருக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு மீட்டரில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டரில், அதாவது பாக்கெட்டில், பத்தாயிரம் மடங்கு. கதிர்வீச்சிலிருந்து தப்பிக்க மூன்று வழிகளைச் சொல்லித் தருவார்கள்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, இடையே கவசம் வை. கருவியும் பயிற்சியும் இல்லாத நமக்கு இவற்றில் உடனே கைகொடுப்பது தூரம்தான். அதற்குக் காசு வேண்டாம், அனுமதி வேண்டாம், இரண்டு கால் இருந்தால் போதும்.

கட்டிய கயிற்றைத் தாண்டிக் குறுக்கு வழியாகப் போகாதீர்கள். தரையில் கிடக்கும் கம்பித் துண்டையோ உலோகக் குப்பியையோ குனிந்து எடுக்காதீர்கள். சிமெண்ட் ஆலையிலும் காகித ஆலையிலும் தொட்டியின், குழாயின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் அளவுமானிகளில் சீசியம் இருக்கலாம்; அவற்றின் மேலும் இந்தச் சின்னம் இருக்கும். பக்கத்தில் நடந்து போவதால் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய உங்களை அனுப்பினால், “அந்தக் கருவியின் ஷட்டரை மூடிப் பூட்டியாயிற்றா?” என்று கேட்டு, பாதுகாப்பு அலுவலர் கையெழுத்திட்ட தாளைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளி இதைக் கேட்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஒருவர் தனியாகக் கேட்பதைவிட இறங்கப் போகிற எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

சாலையில்

லாரியின் பக்கவாட்டில் சாய்சதுரமாக ஒரு பலகை. மேல் பாதியில் மூன்று இதழ், கீழ் மூலையில் 7 என்ற எண். அபாயகரமான சரக்குகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் ஏழாம் வகுப்பு கதிரியக்கப் பொருள். பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டில் இன்னும் கூடுதல் விவரம் உண்டு. முழுக்க வெள்ளையாக, ஒரு சிவப்புக் கோட்டோடு இருந்தால் பெட்டியின் வெளிப்புறத்தில் கதிர்வீச்சு மிகக் குறைவு. மேல் பாதி மஞ்சளாகி இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தால் அதைவிட அதிகம். மூன்று கோடுகள் இருந்தால் இன்னும் அதிகம். நவி மும்பையிலிருந்து ஊர் ஊராக மருத்துவமனைகளுக்கு விமானத்திலும் வண்டியிலும் வந்து சேரும் மருந்துப் பெட்டிகளில் இந்தச் சீட்டுகளைக் காணலாம்.

மஞ்சள் சீட்டு ஒட்டிய வண்டி நம்மைக் கடந்து போவதில் அஞ்ச ஒன்றுமில்லை. வீரியம் மிகுந்த மூலங்களை ஏற்றும் கலன்கள் 9 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டும், 800 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தும் சோதனைக்கு உட்படும் வடிவமைப்பைக் கொண்டவை.

அந்த வண்டி கவிழ்ந்து கிடந்தால்? முதலில் அடிபட்டவரைக் காப்பாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சின்னத்தைப் பார்த்துப் பயந்து ஓட்டுநரை இரத்தம் வழிய விட்டுவிடக் கூடாது. சில நிமிடங்களில் அவரை இழுத்து வெளியே கொண்டு வருவதால் உதவி செய்பவருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் சிறிது; இரத்தப்போக்கால் அவருக்கு வரும் ஆபத்து நிச்சயம். அதன்பின் எல்லோரும் விலகி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக நின்று, 112-ஐ அழைத்து, “ஏழாம் வகுப்புப் பலகை இருக்கிறது” என்று சொல்லுங்கள். பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள். உடைந்த பெட்டிகளைத் தூக்கி ஓரம் வைக்க வேண்டாம். வேடிக்கை பார்க்கவும் கைப்பேசியில் படம் பிடிக்கவும் கிட்டே போகிறவர்களைத் தடுங்கள்.

சிவப்பு முக்கோணம்

பயிற்சி பெறாத ஒருவருக்கு மூன்று இதழ்கள் எதையும் உணர்த்துவதில்லை. மின்விசிறி என்றோ ஏதோ கம்பெனி முத்திரை என்றோ நினைக்க எல்லா நியாயமும் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்க சர்வதேச அணுசக்தி முகமை ஐந்தாண்டு வேலை செய்து, 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்து, 2007 பிப்ரவரி 15 அன்று புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணம், மேலே மூன்று இதழ், அதிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் அலைகள், ஒரு மண்டையோடு, அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடும் மனிதன். எழுத்தறியாதவருக்கும் புரியும் படம்.

இதை அறைக் கதவிலோ லாரியிலோ தேடாதீர்கள். உயிரைப் பறிக்கும் அளவு வலுவான மூலங்களைக் கொண்ட கருவியின் உட்புறத்தில், மூலத்தை மூடியிருக்கும் பகுதியின் மேல் அது இருக்கும். சாதாரணப் பயன்பாட்டில் கண்ணில் படாது. யாராவது மூடியைக் கழற்றத் தொடங்கினால் மட்டுமே தெரியும். ஆகையால் சிவப்பு முக்கோணம் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே போகக் கூடாத தூரம் போய்விட்டீர்கள். ஸ்பானரைக் கீழே போடுங்கள். மூடியைத் திரும்ப மாட்டப் பார்க்காதீர்கள். எழுந்து நடந்து வெளியே போங்கள். 2007-க்கு முன் செய்த ஆயிரக்கணக்கான கருவிகளில் இது இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

காயலான் கடையில்

இந்த நூலை வாங்கியவர் பழைய இரும்புத் தொழிலில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, தெருமுனையில் கடை வைத்திருப்பவருக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு தனியார் கதிர்சிகிச்சை நிலையம் இடம் மாறிப் போனபோது பழைய இயந்திரம் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டது. 1987 செப்டம்பர் 13 அன்று இருவர் அதிலிருந்து மூலம் இருந்த பகுதியைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். பிறகு அது பழைய இரும்புக் கடைக்கு விலையானது. உள்ளே இருந்த சீசியம் உப்பு இருட்டில் நீல நிறமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அதை அதிசயம் என்று எண்ணி உறவினருக்கும் நண்பர்களுக்கும் பங்கிட்டார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். வீட்டில் ஒவ்வொருவராக வாந்தி எடுத்துப் படுத்தபோது, இந்தப் பொருள்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டவர் கடைக்காரரின் மனைவி. செப்டம்பர் 28 அன்று அதை ஒரு பைக்குள் வைத்து, கடை ஊழியர் ஒருவரோடு பேருந்தில் ஏறி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் அப்படிச் செய்யாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அவரும் அந்தச் சிறுமியும் கடை ஊழியர் இருவரும் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை விளையாட்டு அரங்கில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். 249 பேரின் உடலிலோ உடையிலோ சீசியம் இருந்தது.

அந்தப் பெண்ணின் உள்ளுணர்வு மிகச் சரியானது. ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும்: பொருளை அதிகாரியிடம் கொண்டுபோகக் கூடாது, அதிகாரியைத்தான் பொருள் இருக்கும் இடத்துக்கு வரவழைக்க வேண்டும்.

தாய்லாந்தின் சமுத் பிரகான் மாகாணத்தில் 2000-ஆம் ஆண்டு நடந்தது இன்னொரு விதத்தில் வேதனையானது. அங்கே பழைய இரும்பாகப் பிரித்த கதிர்வீச்சுக் கருவியின் மேல் மூன்று இதழ்ச் சின்னம் இருந்தது. பிரித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. எச்சரிக்கை வாசகமும் தாய்லாந்து மொழியில் இல்லை. மூன்று பேர் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த காமா கருவி ஒன்றை 2010 பிப்ரவரியில் பழைய பொருளோடு பொருளாக ஏலம் விட்டார்கள். அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். துண்டு ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டவரும் உண்டு. ஏப்ரலில் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. ஒருவர் இறந்தார், பலர் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். அந்தத் தொழிலாளிகள் சின்னத்தைப் படிக்கத் தெரியாததைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து அது வாசலைத் தாண்டி வெளியே வந்திருக்கவே கூடாது.

கல்லூரி, மருத்துவமனை, ஆலை ஆகியவற்றிலிருந்து ஏலத்தில் பொருள் எடுப்பவர்கள் ஏற்றும் முன் சுற்றிப் பார்க்க வேண்டும். வண்ணம் பூசி மறைத்த இடத்திலும் மூன்று இதழ்கள் மேடாகத் தட்டுப்படலாம். பெயர்ப்பலகையில் கோபால்ட், சீசியம், இரிடியம், அமெரிசியம் என்ற பெயர்களோ கியூரி, பெக்கரல் என்ற அலகுகளோ இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். சின்னமும் பலகையும் உதிர்ந்துபோன பொருளுக்கு ஓர் அடையாளம் உண்டு: உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத கனம். ஒரு வாளி அளவே உள்ள உருளையை நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிகிறது என்றால் உள்ளே ஈயமோ டங்ஸ்டனோ இருக்கலாம். உலோகத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற ஆசைதான் இத்தகைய காயலான் கடை விபத்துகளில் சுத்தியலை எடுக்க வைக்கிறது. அந்த ஈயத்தை அங்கே ஏன் வைத்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஏலம் விட்டவரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

மூன்று இதழோடு குழப்பிக்கொள்ளக் கூடாத பலகைகளும் உண்டு. மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆன்டெனாவும் அலைகளும் வரைந்த பலகை கைப்பேசிக் கோபுரத்துக்கு உரியது. வெடித்துச் சிதறும் ஒளிக்கீற்று லேசருக்கு. அவை வேறு வகை. இந்த அத்தியாயத்தில் சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

கண்டுவிட்டால், தொட்டுவிட்டால்

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளில் சின்னத்தைக் கண்டால் தொடாமல் நகர்ந்து, 30 மீட்டர் தூரத்துக்கு அப்பால் எல்லோரையும் அனுப்புங்கள். உடைந்தோ திறந்தோ கிடக்கும் மூலத்துக்கு உலகெங்கும் முதல் உதவியாளர்களுக்குச் சொல்லித் தரும் தூரம் அது. தீப்பிடித்திருந்தால் 300 மீட்டர். பிறகு 112-ஐ அழையுங்கள். காவல்துறையோ தீயணைப்புத் துறையோ வந்ததும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மும்பையில் இருக்கும் அந்த வாரியம்தான் நாட்டில் இத்தகைய மூலங்கள் அனைத்துக்கும் பொறுப்பு. அளவிடும் கருவிகளோடு வரக்கூடிய வல்லுநர்கள் கல்பாக்கத்திலும் இருக்கிறார்கள்.

யாராவது ஏற்கெனவே தொட்டிருந்தால் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூடிய உலோகக் குப்பி உடையாமல் இருந்தால் அதன் கதிர் உடம்பைத் துளைத்துச் சென்றிருக்கும், உடம்பில் தங்காது. அப்படிப் பாதிக்கப்பட்டவரைத் தொட்டால் நமக்கு எதுவும் வராது. அவரைத் தீண்டத்தகாதவர்போல ஒதுக்கி வைப்பது அறியாமையும் கொடுமையும் ஆகும். குப்பி உடைந்து தூளோ திரவமோ வெளிவந்திருந்தால் அது தோலிலும் உடையிலும் ஒட்டிப் பரவும். அப்போது மேலுடையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தனியே வைக்க வேண்டும். தோலைச் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கக் கூடாது. கழுவும்வரை சாப்பிடுவதோ, வெற்றிலை போடுவதோ, பீடி பற்றவைப்பதோ கூடாது. எது நடந்தது என்று தெரியாவிட்டால் உடைந்ததாகவே வைத்துக்கொண்டு இத்தனையும் செய்யுங்கள்.

சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வந்தால் பட்டது அதிகம் என்று பொருள். பிறகு ஓரிரு நாளில் எல்லாம் சரியானதுபோலத் தோன்றலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. தோல் சிவந்து கொப்புளம் கட்டுவதும், முடி கொத்தாக உதிர்வதும், காய்ச்சலும், இரத்த அணுக்கள் குறைவதும் நாள்களும் வாரங்களும் கழித்து வரும். நெருப்போ அமிலமோ படாமல் வந்த தீக்காயம் என்றால் மருத்துவருக்கே முதலில் பிடிபடாது. கெட்டுப்போன உணவு என்றோ ஒவ்வாமை என்றோ எண்ணக்கூடும். அதனால் வாயைத் திறந்து நீங்களே சொல்லுங்கள்: “மூன்று இதழ் போட்ட ஒரு பொருளைத் தொட்டேன்.” என்று தொட்டீர்கள், எத்தனை நிமிடம், எந்தக் கையில், பாக்கெட்டில் வைத்தீர்களா, இடமா வலமா என்பதையும் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையை உடனே ஒருமுறையும் பிறகு பலமுறையும் செய்யச் சொல்வார்கள். எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்துத்தான் பட்ட அளவை மதிப்பிடுவார்கள். ஆகவே ஒரு பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

அந்தப் பொருளின் கிட்டே போன எல்லோரின் பெயரையும், எந்த நேரம் வந்தார்கள், எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதையும் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதைச் சுமந்து வந்த வண்டி, வைத்த இடங்கள், கழற்றிய துண்டுகளை வாங்கிப்போன கடைகள், விளையாட வந்த பிள்ளைகள் யாரும் விட்டுப்போகக் கூடாது. விலைக்கு வாங்கியது திருட்டுச் சாமானாக இருக்குமோ, வழக்கு வருமோ என்று அஞ்சி எதையும் மறைக்காதீர்கள். வருகிற வல்லுநர்கள் தேடப்போவது காணாமல்போன துண்டுகளை. தாள் எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் அவை கிடைக்கும்.